எழுதிக் கேளுங்கள்: பள்ளியில் சிறப்புக் கல்வி உதவியைப் பெறும் வழி

மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். சேர்க்கையால் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுகிறது. அந்தக் குழந்தை வகுப்பில் எங்கே உட்காரும், கரும்பலகையில் உள்ளதை எப்படி எடுத்து எழுதும், கழிப்பறைக்கு யார் துணை போவார், பரீட்சையில் எவ்வளவு நேரம் கிடைக்கும், சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருவார் என்ற கேள்விகளுக்குச் சேர்க்கைப் படிவத்தில் இடமில்லை. மேனாம்பேடு, கருக்கு, கள்ளிக்குப்பம் பகுதிகளிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதையெல்லாம் தினமும் பள்ளி வாசலில் நின்று கேட்க நேரமும் இருக்காது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். குழந்தைக்குக் கிடைக்கப்போகும் உதவியைக் குறைபாட்டின் பெயரையோ சான்றிதழில் உள்ள சதவீதத்தையோ விட அதிகமாகத் தீர்மானிப்பது நாம் கேட்கும் விதம். தடை எந்த இடத்தில் வருகிறது, அதற்கு என்ன மாற்றம் வேண்டும், அதை யார் செய்வார், எப்போது சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் என்ற நான்கையும் எழுத்தில் கேட்டவருக்கு உதவி வந்து சேர வழி பிறக்கிறது. “கொஞ்சம் பார்த்துக்கோங்க டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவருக்கு அந்த ஆசிரியரின் நல்ல மனமே கதி. அவருக்கு இடமாற்றம் வந்தால் உதவியும் அவரோடு போய்விடும்.

சட்டம் எதை உறுதி செய்கிறது

எழுதிக் கேட்பதற்கு அடிப்படை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் ஆட்டிசமும் அதில் உண்டு. பெற்றோர் மனதில் வைத்திருக்க வேண்டியது 16ஆவது பிரிவு. அரசு நிதி பெறும் பள்ளிகளையும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் அது கட்டுப்படுத்துகிறது. மெட்ரிக் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி என்பதால் “இது எங்களுக்குப் பொருந்தாது” என்று ஒரு நிர்வாகம் சொல்ல முடியாது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் குழந்தை பயன்படுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும், அந்தக் குழந்தையின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்ய வேண்டும், தனிப்பட்ட உதவி தர வேண்டும், முன்னேற்றத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், போக்குவரத்து வசதி செய்ய வேண்டும் என்று கடமைகளை அது வரிசைப்படுத்துகிறது. 17ஆவது பிரிவு அரசின் பொறுப்பைச் சொல்கிறது: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், வள மையங்கள், பாடத்திட்டத்திலும் தேர்விலும் மாற்றங்கள், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை இலவசப் புத்தகங்களும் உதவி உபகரணங்களும். அதே அளவு குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது 31ஆவது பிரிவு.

இவற்றைக் கூர்ந்து படித்தால் ஒன்று விளங்கும். “தனிப்பட்ட உதவி”, “தேவைக்கேற்ற மாற்றம்” என்ற அளவில் சட்டம் நின்றுவிடுகிறது. உங்கள் குழந்தைக்கு எது தேவை என்பதைச் சட்டம் எழுதி வைத்திருக்கவில்லை, எழுதி வைக்கவும் முடியாது. செவித்திறன் குறைந்த இரண்டு குழந்தைகளில் ஒருவருக்கு ஆசிரியரின் முகம் தெரியும் இருக்கை போதும், இன்னொருவருக்குச் சைகை மொழி வேண்டும். அந்த வெற்றிடத்தை நிரப்புகிற வேலை பெற்றோருக்கும் பள்ளிக்கும் உரியது. பெற்றோர் நிரப்பாவிட்டால் பெரும்பாலும் அது வெற்றிடமாகவே இருந்துவிடும்.

சான்றிதழுக்காக ஒரு கல்வியாண்டை இழக்க வேண்டாம்

“முதலில் சான்றிதழ் வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம்” என்ற பதிலைப் பல பெற்றோர் கேட்டிருப்பார்கள். சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டியவைதான். உதவித்தொகை, உபகரணங்கள், பொதுத்தேர்வுச் சலுகைகள் ஆகியவற்றுக்கு அவற்றைக் கேட்பார்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அட்டை வெள்ளை நிறத்திலும், 40 முதல் 80க்குள் என்றால் மஞ்சளிலும், 80 அல்லது அதற்கு மேல் என்றால் நீலத்திலும் வரும். விண்ணப்பத்தை உடனே போட்டுவிடுங்கள். ஆனால் வகுப்பறை உதவியை அதன் பின்னால் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். இதற்கு வலுவான சான்று கற்றல் குறைபாட்டில் இருக்கிறது. அதற்கான சான்றிதழ் பொதுவாக 8 வயது நிறைந்த பிறகே தரப்படுகிறது, அதாவது மூன்றாம் வகுப்பை ஒட்டித்தான். சட்டத்தின் 16ஆவது பிரிவோ கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, தகுந்த கற்பித்தல் நடவடிக்கை எடுக்கும் கடமையைப் பள்ளியின் மீது சுமத்துகிறது. சான்றிதழ் வரும்வரை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றால் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விஷயத்தில் இந்தக் கடமைக்குப் பொருளே இருக்காது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் மிக முக்கியமான ஆண்டுகள் அவைதான்.

உச்ச நீதிமன்றமும் இதே திசையில்தான் சென்றிருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த விகாஷ் குமார் வழக்கின் தீர்ப்பைப் பாருங்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒரு தேர்வர், சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். 40 சதவீத வரம்பைக் காட்டி மத்தியப் பணியாளர் தேர்வாணையம் மறுத்தது. 40 சதவீதம் என்பது சட்டத்தின் சில குறிப்பிட்ட பலன்களுக்கான அளவுகோல் என்றும், தேவைக்கேற்ற மாற்றத்தைக் கேட்கும் உரிமை குறைபாடு உள்ள எல்லோருக்கும் உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியாக ஆராய வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. ஆகவே வெள்ளை அட்டைக்காரக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. அட்டையே கைக்கு வராத நிலையிலும், மருத்துவரின் குறிப்பையும் ஆசிரியரின் கவனிப்பையும் வைத்து முன் வரிசை இருக்கையையும், கூடுதல் நேரத்தையும், வாய்மொழித் தேர்வையும் இன்றே கேட்கலாம்.

மேனாம்பேட்டிலிருந்து யாரிடம் கேட்பது

மேற்குச் சென்னைப் பெற்றோரை அலைக்கழிப்பது எல்லைக் குழப்பம். அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அம்பத்தூர் வட்டம் 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. பக்கத்திலுள்ள ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஆவடியும் பூந்தமல்லியும் இன்றும் திருவள்ளூர் மாவட்டம்தான். கல்வித் துறையின் எல்லைகள் இந்த மாற்றங்களோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. வீடு ஒரு மாவட்டத்திலும் பள்ளி நிர்வாகம் இன்னொரு மாவட்டத்தின் கீழும் இருக்கலாம். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்து வாரக்கணக்கைத் தின்றுவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி பள்ளியின் யூடைஸ் எண். அந்த 11 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அதற்கடுத்த இரண்டு வட்டாரத்தையும் குறிக்கும். அந்த எண்ணைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். பள்ளி எந்த வட்டார வள மையத்தின் கீழ் வருகிறது, அங்கிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் யார், அவர் எந்த நாள்களில் வருவார் என்பவற்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இனி எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் யூடைஸ் எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவில் குழந்தைக்குள்ள எமிஸ் எண்ணும் இருக்கட்டும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையம் செய்யும் பணிகள் பெற்றோருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள், உபகரணங்கள் வழங்கல், இயன்முறை சிகிச்சை, பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சி, போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி, மாணவிகளுக்கான உதவித்தொகை ஆகியவை அதன் வழியாகவே வருகின்றன. அரசுப் பள்ளிகளில் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிய ‘நலம் நாடி’ என்ற செயலியையும் பள்ளிக் கல்வித் துறை வைத்திருக்கிறது. உங்கள் குழந்தையின் விவரம் எமிஸ் பதிவில் சிறப்புத் தேவை உள்ள குழந்தை என்று ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவில் இல்லாத குழந்தை நிதி ஒதுக்கீட்டின் கணக்கிலும் இருக்காது. மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் துணையாக நிற்கும் நிறுவனங்களும் எட்டும் தூரத்தில் உண்டு. பார்வைக் குறைபாட்டுக்குப் பூந்தமல்லியில் தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் இருக்கிறது, அதே ஊரில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் இருக்கிறது. பல்வகைக் குறைபாடுகளுக்கு முட்டுக்காட்டில் தேசிய நிறுவனமும், உடலியக்கக் குறைபாட்டுக்குக் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இயங்குகின்றன.

தடையைக் கவனித்து எழுதுவது

கடிதம் எழுதும் முன் இரண்டு வாரம் கவனியுங்கள். “படிப்பு ஏறவில்லை” என்பதை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. வாசிப்பையே எடுத்துக்கொள்வோம். தமிழில் ஒகரக் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. ‘கொ’ என்பதில் முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் ககரம், பின்னால் துணைக்கால். வாசிப்பில் சிரமப்படும் சில குழந்தைகள் துணைக்காலை விட்டுவிட்டுக் ‘கெ’ என்று படிப்பார்கள், அல்லது கொம்பை விட்டுவிட்டுக் ‘கா’ என்பார்கள். இன்னும் சிலர் தனி எழுத்தைச் சரியாகச் சொல்வார்கள், சொல்லுக்குள் வந்தால் தடுமாறுவார்கள். வேறு சிலருக்கு வாசிப்பு சரியாக இருக்கும், எழுதும்போதுதான் லகர ளகர ழகரங்களும் ஒற்றெழுத்துகளும் குழம்பும். மூன்று குழந்தைகளையும் “தமிழ் வராது” என்று ஒரே சொல்லால் மூடிவிடலாம், ஆனால் மூவருக்கும் தேவைப்படும் பயிற்சி வேறு. எந்த எழுத்தில், எந்த வேலையில், எந்த நேரத்தில் தடை வருகிறது என்று எழுதிக்காட்டும் பெற்றோர் சிறப்புப் பயிற்றுநரின் வேலையில் பாதியை முடித்துக் கொடுக்கிறார்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: “எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு அ பிரிவில் படிக்கிறாள். கரும்பலகையில் உள்ளதை நோட்டில் எடுத்து எழுத மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. முடிப்பதற்குள் பலகை அழிக்கப்படுவதால் வீட்டுப்பாடம் என்னவென்று தெரியாமல் வருகிறாள். வாயால் கேட்டால் பாடத்துக்குச் சரியாகப் பதில் சொல்கிறாள். ஆகவே முன் வரிசையில் இடம் தரவும், வீட்டுப்பாடத்தைத் தாளில் எழுதியோ பக்கத்து மாணவியின் நோட்டைப் படம் எடுக்க அனுமதித்தோ உதவவும், வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்து சில கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கவும் வேண்டுகிறோம். சிறப்புப் பயிற்றுநரின் மதிப்பீட்டுக்கும் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். இது குறித்துப் பேச இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறிப்பிட்டால் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வருகிறோம்.” இதில் குற்றச்சாட்டு இல்லை, சட்டப் பிரிவுகளின் மிரட்டலும் இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படி தனிநபர் கல்வித் திட்டம். சிறப்புப் பயிற்றுநர் இதைத் தயாரிப்பார். வகுப்பாசிரியரும் பெற்றோரும் உடன் உட்கார்ந்தால்தான் அது வகுப்பறைக்குள் நுழையும். திட்டத்தில் குழந்தையின் இன்றைய நிலை, அந்தப் பருவத்துக்கான இலக்கு, யார் எந்த நாளில் என்ன செய்வார், எப்படி அளப்போம், மறுபடி எப்போது கூடுவோம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். “வாசிப்பில் முன்னேற்றம்” என்பது இலக்கு ஆகாது. “டிசம்பர் இறுதிக்குள் ஒகர, ஓகாரக் குறிகள் வரும் பத்துச் சொற்களில் எட்டைத் துணையின்றி வாசிப்பது” என்பது இலக்கு, ஏனெனில் அது நடந்ததா இல்லையா என்பதில் சச்சரவுக்கு இடமில்லை. படிப்பு அல்லாத இலக்குகளையும் சேருங்கள். மதிய உணவுத் தட்டைத் தானே எடுத்து வருவது, கழிப்பறை வேண்டும் என்று சைகையால் கேட்பது, சத்தம் தாங்காதபோது அமைதியான இடத்துக்குப் போக அட்டையைக் காட்டுவது ஆகியவை சில குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டைவிட முதன்மையானவை.

தேர்வு அறைக்குள் போகாத உரிமை

எழுத்தில் வாங்குவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அவ்னி பிரகாஷ் வழக்கு சான்று. எழுதுவதில் குறைபாடு உள்ள அந்த மாணவிக்கு நீட் தேர்வில் ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம் பெறும் உரிமை இருந்தது. சட்டம், விதி, சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தும் தேர்வு மையத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவருடைய விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். மறுதேர்வு நடத்த நீதிமன்றம் உத்தரவிடவில்லை. இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்யும் வழியை ஆராயும்படி தேர்வு முகமைக்கு ஆணையிட்டது, மையங்களில் உள்ளவர்களுக்கு இந்த உரிமைகள் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கண்டித்தது. டெல்லியில் எழுதப்பட்ட விதி கண்காணிப்பாளரின் மேசைக்கு வந்து சேரவில்லை என்பதே அந்த வழக்கின் சாரம். நம் பள்ளிகளிலும் சலுகை நழுவுவது இந்தக் கடைசி இடைவெளியில்தான். ஆகவே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் கேட்க வேண்டிய சலுகைகளை, அதாவது சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு முதலியவற்றை, ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே பள்ளியோடு பேசித் தொடங்குங்கள். அனுமதி ஆணையின் நகலை நீங்களும் வைத்திருங்கள், தேர்வு நாளில் குழந்தையின் கையிலும் ஒன்று இருக்கட்டும். வகுப்புத் தேர்வுகளிலேயே அந்தச் சலுகைகளைப் பழக்கப்படுத்துவதும் அவசியம். சொல்லி எழுத வைப்பது ஒரு திறமை, பொதுத்தேர்வு அன்று முதல்முறையாக முயன்றால் குழந்தை திணறும்.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு வீட்டுக்குள்ளிருந்தே வரும்: எழுதிக் கொடுத்தால் குழந்தையின் மேல் முத்திரை விழுந்துவிடும், நாளைக்கு வேலைக்கும் கல்யாணத்துக்கும் அது தடையாகும். இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, நம் ஊரில் அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் உதவி இல்லாத குழந்தைக்கும் முத்திரை விழாமல் இல்லை. “மக்கு”, “சோம்பேறி”, “அடங்காதவன்” என்ற பெயர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசத்தையும் வாங்கித் தருவதில்லை. வெளியே தெரிய வேண்டாம் என்றால் அதையும் கடிதத்தில் கேளுங்கள்: விவரம் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், சிறப்புப் பயிற்றுநர் மூவரோடு நிற்கட்டும், வகுப்பில் அறிவிக்க வேண்டாம் என்று எழுதலாம்.

இரண்டாவது மறுப்பு ஆசிரியர்களுடையது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குத் தனியாக எப்படி நடத்துவது என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தச் சுமை உண்மையானது. ஆனால் ஒரே வகுப்பில் வெவ்வேறு நிலையில் கற்பிப்பது நம் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துத்தான் நடக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பு நிலைப் பயிற்சியைச் செய்வதை அந்தத் திட்டம் தவறாகப் பார்ப்பதில்லை. சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்கு நாம் கேட்பது அதே முறையின் அடுத்த படி. மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும் என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. போலந்து நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறப்புத் தேவை உள்ளவர்களோடு படித்த மற்ற மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை, சிறிதளவு கூடுதலாகவே இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வளமான நாடுகளின் வகுப்பறைகள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கெடும் என்று சொல்பவர்தான் அதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, சிறப்புப் பயிற்றுநரே போதவில்லை, பிறகு கடிதம் எதற்கு என்ற சோர்வு. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவை உள்ள 10 மாணவர்களுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், அதற்கு மேல் 15 மாணவர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தை ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் முன்வைத்தது. 2025 மார்ச்சில் பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட்டது. ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றிவரும் நிலை அந்த அளவிலிருந்து வெகுதூரம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான மத்திய நிதி 2024-25இல் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படாமல், ரூ. 2,000 கோடிக்கு மேல் நிலுவையாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் எல்லோரும் அறிந்தது. ஆனால் இந்தப் பற்றாக்குறையே எழுதிக் கேட்பதற்கு வலுவான காரணம். ஒரு பயிற்றுநரின் வாரம் பல பள்ளிகளுக்குப் பங்கிடப்படும்போது, தெளிவான கோரிக்கை கோப்பில் உள்ள குழந்தைக்கு நேரம் ஒதுக்குவது அவருக்கு எளிது. முன் வரிசை இருக்கை, கூடுதல் நேரம், வாய்மொழிப் பதில், பெரிய எழுத்தில் வினாத்தாள் ஆகியவற்றுக்குப் புதிய பணியிடமும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பேர் தேவை என்ற கணக்கும் கேட்டவர்களின் எண்ணிக்கையிலிருந்துதான் எழுகிறது.

நான்காவது, சிறப்புப் பள்ளியே நல்லது என்ற கருத்து. சில குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் அது சரியான தேர்வுதான். பிரெய்லியும் தனியாக நடமாடும் பயிற்சியும் அருகிலுள்ள பள்ளியில் கிடைக்காத குழந்தைக்குப் பூந்தமல்லியில் உள்ளது போன்ற பள்ளி அடித்தளம் அமைத்துத் தரும். சைகை மொழி தெரிந்த தோழர்கள் நடுவே வளர்வது செவித்திறன் அற்ற குழந்தைக்கு மொழியையே தரும். அதனால்தான் 31ஆவது பிரிவு தேர்வைக் குடும்பத்திடம் விட்டிருக்கிறது. கடுமையான குறைபாடு உள்ளவர்கள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமும் சொல்கிறது. இவை குடும்பத்தின் உரிமைகள். பள்ளி தன் கடமையிலிருந்து தப்பிக்கும் வாசலாக அவற்றைக் காட்டக் கூடாது. “உங்க பிள்ளைக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி” என்று ஒரு பள்ளி சொன்னால், இங்கே என்னென்ன மாற்றங்களை எத்தனை மாதம் செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எழுதிய திட்டமும் பதிவும் இருந்தால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும், சில நேரம் அது சிறப்புப் பள்ளிக்கே வழிகாட்டலாம். எழுதிய திட்டமே இல்லாத இடத்தில் அந்த அறிவுரைக்கு ஆதாரம் இல்லை.

கடைசியாக, கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் மற்றவர்களுக்கு அநியாயம் என்ற குரல். வரலாற்றுத் தேர்வு வரலாறு தெரிகிறதா என்று அளக்க வைக்கப்படுவது. கையெழுத்தின் வேகத்தால் மதிப்பெண் குறைந்தால் அந்தத் தேர்வு அளந்தது வேறொன்றை. தடையை நீக்கிவிட்டு அளக்கும்போதுதான் மதிப்பெண் உண்மையாகிறது.

மறுத்தால் அடுத்த படிகள்

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். அடுத்து விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாச்சார இடம் உண்டு, 2012 முதல் மாற்றுத்திறன் குழந்தைகளும் அந்தப் பிரிவில் அடங்குவர். சரிவுப் பாதையும் கழிப்பறைக் கைப்பிடியும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஏற அந்தக் குழுவின் தீர்மானம் உதவும். பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்று போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, முதல்வரின் 1100 ஆகிய எண்களிலும் புகாரைப் பதிவு செய்யலாம், பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்தில் சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, இந்தக் கல்வியாண்டில் உங்கள் பள்ளிக்கு எத்தனை முறை வந்திருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். இதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையையோ ஏற்காததற்கான காரணத்தையோ தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆவது பிரிவு இடம் தருகிறது.

புகார் கொடுத்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். இருந்தாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆணையர் வரை போக வேண்டிய தேவை வராது. தேதியும் முத்திரையும் உள்ள ஒரு கடிதம் கோப்பில் இருந்தாலே, பொத்தாம்பொதுவாகத் தட்டிக்கழிப்பது கடினமாகிவிடும். வேண்டுகோளுக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வருகிறது, பதிலில் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். நடந்தவற்றுக்கு ஆசிரியருக்கு நன்றி எழுதுங்கள், அதுவும் கோப்பில் சேரட்டும். நடக்காதவற்றுக்குக் காரணம் கேளுங்கள், இனித் தேவைப்படாத உதவியை நீங்களே நீக்குங்கள். ஜூன் மாதம் புது வகுப்பாசிரியர் வரும்போது பழைய திட்டத்தின் ஒரு பிரதியை முதல் வாரத்திலேயே அவர் கையில் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அந்தக் கோப்பும் போகட்டும். ஆசிரியர் மாறினாலும், பள்ளி மாறினாலும், மாவட்ட எல்லையே மாறினாலும், குழந்தைக்கு எது உதவுகிறது என்ற அறிவு முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வராது.